ருமேனிய மலிவு ரைஃபிள்கள்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

ருமேனியாவின் ஆல்பா மாவட்டத்திலுள்ள குஜிர் நகரத் தொழிற்சாலையில் உருவாகி, அமெரிக்காவில் குடிமக்களுக்கு விற்கப்படும் ஏ.கே. (கலாஷ்னிகோவ்) வகை அரைத் தானியங்கி ரைஃபிள்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் கூறுவது ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கும். ஆயிரக்கணக்கில் சுட்டும் ஒரு முறைகூடச் சிக்கியதில்லை என்பார் ஒருவர். குறிபார்க்கும் முன் சைட் கோணல், தோட்டாக்களைக் கொள்ளும் மேகசின் ஆடுகிறது, விரல் வலிக்கிறது என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். குழல், ட்ரன்னியன் எனும் முன்தாங்கி, தோட்டா அறையை மூடும் போல்ட் ஆகியவை குஜிரில் இராணுவத் துப்பாக்கி செய்த அதே கைகளும் இயந்திரங்களும் தந்தவை. அவற்றில் குறை அரிது. உறுப்புகளைக் கோணலின்றிப் பொருத்துவது, மேகசின் வாயை அகலப்படுத்துவது, ட்ரிக்கர் தொகுதியை மாற்றுவது போன்ற பின்வேலைகளில்தான் குறைகள் நுழைந்தன. எனவே ஓர் அறிகுறி தென்பட்டதும், அந்தக் குறை குஜிரில் உண்டானதா, இறக்குமதிக்குப் பின் அமெரிக்கப் பட்டறையில் உண்டானதா, அல்லது வாங்கியவர் பயன்படுத்தும் தோட்டாவாலும் பராமரிப்பாலும் உண்டானதா என்று பிரித்தறிவதே முதல் வேலை.

அதற்குத் துப்பாக்கியின் வயது தெரிந்திருக்க வேண்டும். பல குஜிர் ரைஃபிள்களில் வரிசை எண்ணின் முடிவில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் 300 டாலரைச் சுற்றி விற்கப்பட்ட எஸ்.ஏ.ஆர்-1, அதே காலத்து வாசர்-10, பழைய இராணுவ உதிரிகள் கலந்த வாசர்-10/63, அண்மைக் காலத்து வாசர்-10 ஆகிய மாதிரிகள் அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே தீர்ப்பு வழங்குவதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

கீழே சொல்லப்படும் எந்தச் சோதனைக்கும் முன்னதாக மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்துக் காலி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சுடுதளத்தில் செய்ய வேண்டியவை தவிர, தோட்டாக்களைச் சோதனை நடக்கும் மேசையிலோ அறையிலோ வைத்திருக்கக் கூடாது.

மேகசின் ஆடுகிறது, அல்லது உள்ளே போக மறுக்கிறது

வாசர்-10 பற்றி அதிகம் பேசப்படும் குறை இதுதான். 1989-இல் வந்து 1998-இல் மேலும் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, இவ்வகைத் துப்பாக்கிகள் ஒற்றை வரிசையில் பத்துத் தோட்டா கொள்ளும் ஒடுக்கமான மேகசினுக்கு உரிய வடிவில்தான் அமெரிக்காவுக்குள் வர முடிந்தது. அதன் பின்னர் இறக்குமதியாளரான செஞ்சுரி ஆர்ம்ஸ் நிறுவனம் துப்பாக்கியின் உடற்பெட்டியான ரிசீவரின் அடிவாயை அகலமாக வெட்டி, வழக்கமான இரட்டை வரிசை மேகசின் பொருந்தும்படி மாற்றி விற்றது. ஏ.கே.வின் பிற்கால இராணுவ வடிவமான ஏ.கே.எம். ரிசீவரில் மேகசின் வாய்க்குச் சற்று மேலே இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தப்பட்ட குழிகள் இருக்கும். மேகசினைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் பிடிப்பவை அவையே. ஒற்றை வரிசைக்கென வந்த வாசர் ரிசீவரில் அந்தக் குழிகள் இல்லை. கையால் அகலப்படுத்திய வாயும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபட்டது. ஒன்றில் மேகசின் தளர்ந்து ஆடுவதற்கும் மற்றொன்றில் அதே மேகசின் நுழையவே மறுப்பதற்கும் இதுவே காரணம்.

பக்கவாட்டு ஆட்டம் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் தீங்கற்றது. கவனிக்க வேண்டியது முன்பின் ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும்தான். சுடுதளத்தில் மேகசினைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தபடி போல்ட்டை விடும்போது அது தோட்டாவைத் தள்ளாமல் அதன் மேலே வழுக்கிச் சென்றால், மேகசின் தாழ்வாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது வேறொரு மேகசினை, முடிந்தால் இராணுவக் கையிருப்பிலிருந்து வந்த எஃகு மேகசினை, மாட்டிப் பார்க்க வேண்டும். அதில் குறை மறைந்தால் பழுது முதல் மேகசினுடையது. எல்லா மேகசின்களிலும் தொடர்ந்தால் பிடிநெம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது வாய் அளவுக்கு மீறி வெட்டப்பட்டிருக்கலாம்.

மேகசின் நுழைய மறுத்தால் அரத்தைத் துப்பாக்கியின் மேல் வைக்கவே கூடாது. மேகசினின் பின்காதைச் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்திப் பார்க்கலாம். கெட்டுப்போனால் ஒரு மேகசினின் விலையோடு நட்டம் முடிந்துவிடும். ரிசீவரில் தேய்த்தெடுத்த உலோகம் திரும்பி வராது.

முன் சைட் கோணலாகத் தெரிகிறது

வாங்கும் முன்பே கடையில் செய்யக்கூடிய சோதனை இது. துப்பாக்கியின் பின்னால் நின்று பின் சைட்டை மட்டமாகப் பிடித்து, அதற்கு நேராக குழலிலிருந்து வாயுவைப் பெறும் வாயுத் தொகுதியும் முன் சைட் தொகுதியும் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வுறுப்புகள் குழலின் மேல் அழுத்திச் செருகப்பட்டுக் குறுக்கு ஊசிகளால் பூட்டப்படுபவை. துளையிடும்போது ஓரிரு பாகை திரும்பியிருந்தாலும் கோணல் நிரந்தரமாகிவிடும். பழைய வாசர்களில் இது மலிந்திருந்தது. அண்மைக் காலத்தவற்றில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. இது முழுக்க முழுக்கக் குஜிரின் குறை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிறு கோணல் சுடுவதைப் பாதிக்காது. குண்டு இடப்பக்கம் விழுந்தால் முன் சைட் உருளையையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். தாழ விழுந்தால் சைட் முள்ளை உள்ளே திருக வேண்டும். உருளையை 1 மி.மீ. நகர்த்தினால் 100 மீட்டரில் குண்டு விழுமிடம் சுமார் 26 செ.மீ. மாறும், முள்ளை ஒரு முழுச்சுற்றுத் திருகினால் ஏறக்குறைய 20 செ.மீ. மாறும். இந்த அளவுகளை அறியாமல் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர்தான் ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கிவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுகிறார். உருளை தன் தொகுதியின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்ற பிறகும் குறி நேராகவில்லை என்றால் மட்டுமே, ஊசிகளைக் கழற்றித் தொகுதியைத் திருப்பி அமைக்க, அழுத்துக் கருவி வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

வாயுத் தொகுதியின் கோணல் இதைவிட முக்கியமானது. வாயு அழுத்தத்தால் போல்ட் தாங்கியைப் பின்னே தள்ளும் பிஸ்டனை அது உரச வைக்கும். மீள்விசைச் சுருளைக் கழற்றிவிட்டு மூடியை மாட்டாமல் துப்பாக்கியை முன்னும் பின்னும் சாய்த்தால், போல்ட் தாங்கி தன் எடையாலேயே தடையின்றி வழுக்கி ஓட வேண்டும். ஓரிடத்தில் தயங்கினால் பிஸ்டன் தலையிலும் வாயுக் குழாயினுள்ளும் ஒரு பக்கம் மட்டும் பளபளத்துத் தேய்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். பிஸ்டன் தண்டு தாங்கியில் சற்றுத் தளர்வாக ஆடுவதைப் பழுது என்று எண்ணி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. துளையும் பிஸ்டனும் நூல் பிடித்தாற்போல் நேராக இல்லாவிட்டாலும் துப்பாக்கி இயங்குவதற்கு அதுவே காரணம்.

சுடும்போது ட்ரிக்கர் விரலை அடிக்கிறது

போல்ட் தாங்கி பின்னோக்கி வரும்போது, வெடியூசியைத் தட்டும் ஹேமரைக் கீழே அழுத்துகிறது. ட்ரிக்கரை விடும்வரை ஹேமரைப் பிடித்து நிறுத்தும் டிஸ்கனெக்டரின் மீது அந்த ஹேமர் மோதும் கோணம் சரியில்லாவிட்டால் அதிர்ச்சி ட்ரிக்கர் வழியாக விரலுக்கு வந்து சேர்கிறது. ஒரு மேகசின் சுட்டு முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகும் என்று பழைய உரிமையாளர்கள் கூறுவது மிகையன்று. ஆனால் இதற்குக் குஜிரைக் குறை சொல்ல இயலாது. அமெரிக்கச் சட்டத்தின் 922(ஆர்) பிரிவின்படி இத்தகைய ரைஃபிளில் பட்டியலிடப்பட்ட 20 உறுப்புகளில் பத்துக்கு மேல் வெளிநாட்டவையாக இருக்கக் கூடாது. ட்ரிக்கர், ஹேமர், டிஸ்கனெக்டர் மூன்றும் அப்பட்டியலில் உள்ளதால், கணக்கைக் குறைக்க அவற்றை உள்நாட்டுச் சரக்காக மாற்றுவது இறக்குமதியாளருக்கு எளிய வழியாயிற்று. விரலை அடித்தது அந்த ஆரம்பகால உள்நாட்டுத் தொகுதிதான்.

தீர்வும் எளிது: பெயர்பெற்ற அமெரிக்கத் தயாரிப்பு ட்ரிக்கர் தொகுதி ஒன்றை முழுமையாக வாங்கி மாற்றிவிட வேண்டும். இராணுவ உதிரி மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுத் தொகுதியைப் போட்டால் மேற்சொன்ன கணக்கு மீறப்படலாம். டிஸ்கனெக்டரைத் தாமே அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் பழக்கத்தை நான் சற்றும் ஏற்கவில்லை. விரல் வலியைத் தீர்க்கப் போய், ஒரே அழுத்தலில் இரண்டு தோட்டா வெடிக்கும் நிலையை வரவழைத்துக்கொள்ளும் வழி அது.

தொகுதியை மாற்றிய பிறகு, துப்பாக்கியின் பக்கவாட்டில் ட்ரிக்கர் அச்சூசி மெல்ல வெளியேறுவதைக் கண்டால், ஊசிகளின் பள்ளத்தைப் பிடித்திருக்க வேண்டிய கம்பி தன் இடத்தில் அமரவில்லை என்று பொருள். அந்தக் கம்பிக்குப் பதிலாக விற்கப்படும் தட்டையான தகடு மாட்டுவதற்கு எளிது.

ஒருமுறை அழுத்தினால் இரண்டு வெடிக்கின்றன, அல்லது போல்ட் மூடும்போதே வெடிக்கிறது

இங்கே தயக்கத்துக்கு இடமில்லை. சுடுவதை அந்த நொடியே நிறுத்தி, மேகசினைக் கழற்றி, அறையைக் காலி செய்ய வேண்டும். மறுபடியும் ஒருமுறை பார்ப்போம் என்ற எண்ணம் ஆபத்தானது என்பதோடு, ஒரே அழுத்தலில் தொடர்ந்து வெடிக்கும் துப்பாக்கியை வைத்திருப்பது சட்டச் சிக்கலையும் உண்டாக்கும்.

இரண்டு அறிகுறிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு. முதலாவது ட்ரிக்கர் தொகுதியின் தேய்வு. காலித் துப்பாக்கியில் ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை முழுவதும் இழுத்து விட்டால் ஹேமர் டிஸ்கனெக்டரில் சிக்கி நிற்க வேண்டும். ட்ரிக்கரை மெல்ல விடும்போது ஒரு சிறு சொடுக்கொலியுடன் ஹேமர் ட்ரிக்கரின் கொக்கிக்கு மாற வேண்டும். முன்னே விழக் கூடாது. சேஃப்டி நெம்பு மேலிருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் ஹேமர் விடுபடக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் தொகுதி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது அறிகுறி வெடியூசியைச் சார்ந்தது. ஏ.கே. போல்ட்டில் வெடியூசிக்குச் சுருள்வில் கிடையாது. அது துளைக்குள் தளர்வாக ஓடும். சேமிப்புக்காகப் பூசப்பட்ட காஸ்மோலின் மசகு அத்துளையில் உறைந்திருந்தால் ஊசி முன்னே சிக்கி நிற்கும். போல்ட்டைக் கையிலெடுத்துக் குலுக்கினால் ஊசி கலகலக்க வேண்டும். ஒலி வராவிட்டால் ஊசியை வெளியே எடுத்து, துளையைக் கரைப்பானால் கழுவி, உலர்த்தி மாட்ட வேண்டும். புதிதாக வாங்கிய எவரும் முதல் தோட்டாவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மசகு அதிகமாகி, தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மென்மையாகத் தட்டப்பட்டு வெடிக்காமற் போவதும் இதே இடத்தில் தீரும்.

கூடு வெளியேறவில்லை, அல்லது காலடியிலேயே விழுகிறது

நல்ல நிலையிலுள்ள ஏ.கே. வெற்றுக் கூட்டைப் பல மீட்டர் தூரம் வீசியெறியும். கூட்டின் வாயிலும் பக்கத்திலும் சொட்டை விழும். வேறு வகைத் துப்பாக்கிகளிலிருந்து இதற்கு வந்தவர்கள் அந்தச் சொட்டையைப் பழுதென்று கருதுவதுண்டு, அது பழுதன்று. கூடு காலடியில் விழுவதே வாயு போதவில்லை அல்லது எங்கோ உரசல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். முன்னர் கூறிய சாய்த்தல் சோதனையைச் செய்து, உரசல் இல்லையென்றால் வாயுத் தொகுதி அதன் துளைக்கு நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். புத்தம்புதிய துப்பாக்கியில் தடித்த பூச்சும் முரட்டு விளிம்புகளும் சேர்ந்து தொடக்கத்தில் இறுக்கமாக இருப்பது இயல்பு; சிலமுறை சுட்டதும் தளர்ந்துவிடும்.

கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டால் முதலில் அறையைத் தேய்த்துக் கழுவி, கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் வில்லையும் விளிம்பையும் சோதிக்க வேண்டும். எஃகுக் கூட்டின் அரக்குப் பூச்சு உருகி அறையில் ஒட்டுகிறது என்ற கதையை நம்பித் தோட்டாவை மாற்றுவதற்குள் இதைச் செய்துவிட்டால் செலவு மிச்சம்.

குண்டு தாளில் பக்கவாட்டாகப் பதிகிறது

இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாக நீண்ட கீறல் விழுந்தால் குண்டு தடுமாறிப் பறக்கிறது என்று பொருள். குழலைக் குறை கூறும் முன்னர் குழல்முனையில் திருகப்பட்டிருப்பதைக் கழற்ற வேண்டும். 1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை நடப்பிலிருந்த, தாக்குதல் ஆயுதங்களுக்கான கூட்டாட்சித் தடைச் சட்டத்தின் காலத்தில் விற்கப்பட்ட துப்பாக்கிகள் முனையில் மரை இல்லாமல் வந்தன. பின்னாளில் யாரோ ஒருவர் அதில் 14 மி.மீ. இடச்சுற்று மரை வெட்டியிருக்கலாம். அந்த மரை துளையின் மையத்தோடு ஒத்துப்போகாவிட்டால், உதைப்பைக் குறைக்க முனையில் மாட்டிய பிரேக்கின் உள்விளிம்பில் குண்டு உரசிச் செல்லும். பிரேக்கினுள் ஒரு பக்கம் மட்டும் ஈயமோ செம்போ படிந்திருப்பது சான்று. அளவிட்ட நேர்க்கம்பியைத் துளைக்குள் செருகி மையத்தைப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். இச்சோதனை செய்யாமல் ஒலியடக்கியை மாட்டுவது, விலையுயர்ந்த பொருளைக் குண்டுக்குக் குறுக்கே நிறுத்துவதாகும்.

பிரேக் இல்லாமலும் சிதறல் தொடர்ந்தால், குழல்முனையின் விளிம்பு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே சமயம் எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். மலிவான எஃகுக் கூட்டுத் தோட்டாவைக் கொண்டு 100 கஜத்தில் மூன்று, நான்கு அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் வாசர் நல்ல வாசர். ஒரு அங்குலம் வேண்டுமென்பவர் வாங்க வேண்டியது வேறு துப்பாக்கி.

துரு

மேற்பூச்சு மெல்லியதாக இருப்பது இத்துப்பாக்கிகளின் நிரந்தரக் குறை. சேஃப்டி நெம்பு உரசும் வில்வடிவக் கோடு சில நாட்களிலேயே வந்துவிடும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உள்ளே தோன்றும் துருதான் கவலைக்குரியது. யூகோஸ்லாவிய எம்67 போன்ற பழைய இராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கிறது. குஜிர் குழலின் உட்புறம் குரோமிய முலாம் பெற்றிருப்பதால், குழலைப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைவோர் பலர். வாயுத் தொகுதி, போல்ட் முகம், குழல்முனை மரை ஆகியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே அன்றே வெந்நீரால் இவ்விடங்களைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் பூச வேண்டும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியாக் கலவையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அந்தப் புட்டியிலும் வேலை செய்வது நீர்தான்.

தட்டாணி (ரிவெட்) தளர்வு, பிரைமர் வீக்கம்

அரிதாக நேர்வது, ஆனால் அலட்சியம் செய்யக் கூடாதது. சுட்ட கூட்டின் பிரைமர் பின்தள்ளி நின்றாலோ, கூட்டின் அடி புடைத்திருந்தாலோ, முன்தாங்கியைப் பிடிக்கும் தட்டாணிகளைச் சுற்றிப் பூச்சு விரிந்து உலோகம் பளிச்சிட்டாலோ, சுடுவதை நிறுத்திவிட்டு, போல்ட் முகத்துக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் செய்ய வேண்டும். அதற்கு மூன்று அளவுக்கட்டைகள் உண்டு. முதற்கட்டையில் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதில் மூடாமலிருப்பதே நல்லது. மூன்றாவதில் மூடினால் அந்தத் துப்பாக்கியில் இனி ஒரு தோட்டாவும் போடக் கூடாது. அமெரிக்காவிலேயே செய்யப்பட்ட மலிவு ஏ.கே.க்களின் முன்தாங்கித் தேய்வைப் பற்றிய புகார்களை ருமேனியத் துப்பாக்கிகளின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த ஓர் உறுப்பைப் பொறுத்தவரை குஜிரின் பெயர் நல்ல பெயர்தான். பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குவோர் அந்தப் பெயரை நம்பி அளவெடுக்காமல் விட்டுவிடக் கூடாது. போல்ட் மாற்றப்பட்டிருந்தால் பழைய அளவு செல்லாது.

பி.எஸ்.எல். வைத்திருப்போருக்கு

7.62×54ஆர் தோட்டாவைச் சுடும் நீண்ட ருமேனிய ரைஃபிளான பி.எஸ்.எல்., தோற்றத்தில் ரஷ்யக் குறிசுடும் ரைஃபிளான எஸ்.வி.டி.யைப் போலிருந்தாலும் உள்ளமைப்பில் பெரிதாக்கப்பட்ட ஏ.கே.; எஸ்.வி.டி.யின் மேகசின் இதில் பொருந்தாது. முதல் சில குண்டுகள் நன்றாகக் கூடி, பிறகு ஒரே திசையில் விலகிக்கொண்டே போனால் அது சைட்டின் கோளாறன்று. குழல் மெல்லியது, சூடேறியதும் வளைகிறது. ஆறவிட்டுச் சுடுவதே வழி. இது ஏறத்தாழ 9.6 கிராம் எடையுள்ள இலகு குண்டுக்கென அமைந்தது; கனமான குண்டை விடாமல் சுட்டால் தாங்கி பின்புறத்தில் பலமாக மோதும். ரிசீவரின் பின்தாங்கி அருகே விரிசலைத் தேட வேண்டியது அத்தகையோர்தான். உடன்வரும் எல்.பி.எஸ். 4×6 தொலைநோக்கியின் குறிக்கோடுகள் இருட்டில் ஒளிரவில்லை என்று புகார் செய்பவர்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஒளிர்வுக்காக ட்ரிட்டியம் எனும் கதிரியக்கப் பொருள் கொண்ட பழைய தொலைநோக்கிகளில் ஒளி மங்குவது இயல்பு. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகளே.